பெயின்ட் ஒழுக்கை அடைக்காது: பழைய பஸ் கூரையைத் தயார் செய்வது பற்றி

பஸ்ஸை வாங்கிய அன்றைக்கு நானும் அத்தானும் பேசியது முழுக்க கலரைப் பற்றித்தான். பள்ளிக்கூட வண்டியாக ஓடி ஓய்ந்த பஸ். குளச்சலுக்கும் மண்டைக்காட்டுக்கும் நடுவில், கடலுக்கு நடந்தே போகிற தூரத்தில் அத்தானுக்கு ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. அங்கே கொண்டு நிறுத்தி, சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, டீயும் ரசவடையும் போடுகிற கடையாக மாற்றுவதாகத் திட்டம். கூரைக்கு வெள்ளை, பக்கத்துக்கு நீலம் என்று முடிவானது. சித்திரையில் கூரையைக் கழுவி இரண்டு கோட் எனாமல் அடித்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளவென்று இருந்தது.

வைகாசி பாதியில் இடவப்பாதி மழை இறங்கியது. மூன்றாம் நாள், மூன்று வாளி வைத்தும் போதவில்லை. கூரை ஒழுகுவதை எங்கள் பக்கம் 'சோருது' என்பார்கள். பஸ் அப்படித்தான் சோர்ந்துகொண்டிருந்தது, பார்த்துக்கொண்டிருந்த நாங்களும்தான்.

பஸ் பாடி கட்டுகிற பட்டறையில் பல வருஷம் தகடு அடித்த வயதான டிங்கர் ஒருவரை அத்தான் கூட்டிவந்தார். அவர் ஏணியில் ஏறி, கட்டைவிரல் நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார். பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பி வந்தது. "மக்கா, நீங்க பெயின்ட் அடிச்சது அழுக்குக்கும் தாருக்கும். கூரைக்கு இல்ல" என்றார்.

அதற்கப்புறம் அவரிடம் கேட்டும், கையைச் சுட்டுக்கொண்டும் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெயின்ட் என்பது முடியின் பருமன் அளவுகூட இல்லாத ஒரு தோல். வெயிலையும் உப்புக்காற்றையும் அது தகட்டில் படாமல் தடுக்கும். இரண்டு தகட்டுக்கு நடுவில் இருக்கும் இடைவெளியை அதால் கட்டிப்போட முடியாது. ஒழுக்கை நிறுத்துவது தனி வேலை. பெயின்ட் நிற்பதற்கு அடிப்பரப்பைத் தயார் செய்வது இன்னொரு வேலை. இந்த இரண்டும் முடிந்த பிறகுதான் பெயின்ட்.

கூரை ஏன் ஒழுகுகிறது

பஸ் கூரை ஒரே தகடு இல்லை. இரும்புச் சட்டத்தின் மேல் பல தகடுகளை ஒன்றின் விளிம்பில் இன்னொன்று ஏறும்படி வைத்து, ரிவிட் என்கிற உலோக முளையால் சேர்த்து அடித்திருப்பார்கள். எங்கள் பஸ்ஸில் அலுமினியத் தகடு. இப்போது கொஞ்சம் கணக்கு. 10 மீட்டர் நீளமுள்ள அலுமினியம் விடிகாலையில் 25 டிகிரியில் இருந்து உச்சிவெயிலில் 65 டிகிரிக்குப் போனால், சுமார் 9 மில்லிமீட்டர் நீளும். அதே நீளத்துக்கு இரும்பு 5 மில்லிமீட்டர்தான் நீளும். அதாவது மேலே இருக்கும் தகடும் கீழே இருக்கும் சட்டமும் தினமும் ஒன்றையொன்று 4 மில்லிமீட்டர் வரை இழுத்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. அந்த இழுபறியை ஒவ்வொரு ரிவிட்டும் ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பகலில் தகடு 'டொக் டொக்' என்று சத்தம் போடுவது இதனால்தான். நிறுத்தி வைத்த வண்டிக்கே இப்படி என்றால், குண்டும் குழியுமான ரோட்டில் ஓடுகிற வண்டியைக் கேட்கவே வேண்டாம்.

இறுகிக் கல்லாகிற எதையும் இந்த இடத்தில் வைத்தால் அது விரிசல் விடும். பைப் ஒழுகினால் பிசைந்து ஒட்டுகிற ஈபாக்சி பசை நம் எல்லார் வீட்டிலும் இருக்கும். அது நகராத பொருளுக்கு நல்லது, பஸ் கூரை இணைப்புக்கு ஆகாது. கார் டிங்கரிங்கில் பள்ளத்தை நிரப்பப் போடும் பட்டியும் அப்படியே. இணைப்பில் வைப்பது ரப்பர் மாதிரி நீண்டு சுருங்க வேண்டும்.

இன்னொன்று, தண்ணீர் கீழே மட்டுமே ஓடும் என்று நாம் நினைக்கிறோம். ஓட்டு வீட்டை யோசித்துப் பாருங்கள். ஒரு ஓட்டுக்கும் இன்னொரு ஓட்டுக்கும் நடுவில் பசையே கிடையாது, ஆனாலும் ஒழுகாது. சரிவும், ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருப்பதும் போதும். பஸ் கூரை கிட்டத்தட்ட தட்டை. தகடுகளுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடுக்கு, வேட்டி நுனி ஈரத்தை மேலே இழுப்பது மாதிரி தண்ணீரை உள்ளே உறிஞ்சும். எங்கள் கரையில் அந்தத் தண்ணீரோடு உப்பும் போகும். மழை நின்ற பிறகு கூரை காய்ந்துவிடும், இடுக்கில் இருக்கும் உப்பு காற்றிலிருந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரும்பு ஆணியும் அலுமினியத் தகடும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சின்ன பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். ரிவிட்டைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி தெரிந்தால், உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

ஓட்டையைக் கண்டுபிடிப்பது

இதில் அவசரப்படாதீர்கள். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்பது பெரும்பாலும் பொய். தண்ணீர் ஒரு ரிவிட் வழியாக நுழைந்து, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று அடி நடந்து, வசதியான இடத்தில் சொட்டும். அதனால் முதலில் உள்பக்கத்து ரெக்சின், பிளைவுட் சீலிங்கைக் கழற்றிவிட வேண்டும். நாங்கள் கழற்றியபோது உள்ளே வைத்திருந்த பஞ்சு, பிழிந்தால் தண்ணீர் வரும் நிலையில் இருந்தது. அந்தப் பஞ்சு எத்தனை வருஷமாகத் தகட்டை அடியிலிருந்து நனைத்துக்கொண்டிருந்ததோ.

பிறகு ஒருவர் டார்ச்சும் சாக்பீஸுமாக உள்ளே, ஒருவர் ஓஸ் பைப்போடு மேலே. தண்ணீரைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு இணைப்பில் ஐந்து நிமிஷம் விட்டுவிட்டு அடுத்ததற்கு மேலே போக வேண்டும். உச்சியில் தொடங்கினால் எல்லா இணைப்பும் ஒரே நேரத்தில் நனைந்து, எது குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும். உள்ளே ஈரம் தெரிந்ததும் சாக்பீஸால் வட்டம் போட்டு நம்பர் எழுத வேண்டும். எங்களுக்கு 14 வட்டம் வந்தது. ராத்திரியில் உள்ளே பளிச்சென்று ஒரு லைட்டைப் போட்டுவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் ஊசி ஓட்டைகளும் நட்சத்திரம் மாதிரி தெரியும்.

மழையே இல்லாத காலையிலும் உள்ளே சொட்டினால் அது ஒழுக்கு இல்லை, வியர்வை. உள்ளே சமைத்தாலோ நாலு பேர் தூங்கினாலோ அந்த ஈரக்காற்று குளிர்ந்த தகட்டில் பட்டு நீராகிறது. அதற்கு எந்த சீலன்ட்டும் (இடுக்கை அடைக்கிற பசை) மருந்தாகாது. காற்றோட்டமும் உள்பக்கம் காப்பும் வேண்டும்.

மேலே ஏறும்போது தகட்டின் நடுவில் மிதிக்காமல் ரிவிட் வரிசை மேல் மிதியுங்கள். அடியில் சட்டம் இருக்கும். ஒரு பலகை போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. தலைக்கு மேல் மின்கம்பி போகிறதா என்பதையும் பாருங்கள். தென்னைக்கு அடியில் பஸ்ஸை நிறுத்தக் கூடாது என்பதை ஒரு தேங்காய் எங்களுக்கு விளக்கியது.

சுத்தம் செய்வது, அதாவது முக்கால்வாசி வேலை

கேரியர், ஏணி, பழைய விளக்கு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அப்புறம் முந்தைய புண்ணியவான்கள் அப்பிவைத்ததையெல்லாம் எடுக்க வேண்டும். எங்கள் கூரையில் தார் ஒரு அடுக்கு, அதன் மேல் சிலிகான் ஒரு அடுக்கு, அதற்கும் மேல் எங்கள் எனாமல். தாரை விட்டுவைத்தால் அது பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு பழுப்புக் கறையாக மேலே வந்துவிடும். விடிகாலையில் தார் இறுகி இருக்கும்போது பட்டி பிளேடால் தட்டினால் துண்டு துண்டாக வரும். வெயில் ஏறினால் அல்வா. மிச்சத்தை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, அந்த எண்ணெயையும் சோப்புத் தண்ணீரால் எடுக்க வேண்டும்.

சிலிகான் அதைவிடத் தொந்தரவு. அதன் மேல் பெயின்ட் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. தின்னர் ஊற்றினால் கரையாமல் பரவும். கத்தியால் சீவி, பிறகு தேய்த்தே எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத படலம் இருந்தால்கூட பெயின்ட் அந்த இடத்தில் விலகி, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக நிற்கும்.

கழுவிய பிறகே உப்புத்தாள் போட வேண்டும். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவினால், எண்ணெயையும் உப்பையும் கீறலுக்குள் நாமே தேய்த்து ஏற்றிவிடுகிறோம். கழுவுகிற தண்ணீரையும் கவனியுங்கள். கரைப்பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உப்பு கலந்திருக்கும். நாங்கள் கடைசி அலசலுக்கு மட்டும் குடிதண்ணீரை டிரம்மில் கொண்டுவந்தோம். பக்கத்துத் தோப்புக்காரர் பஸ்ஸுக்கு அபிஷேகமா என்று கேட்டார்.

சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரு சொம்புத் தண்ணீரைத் தகட்டில் ஊற்றுங்கள். விரிப்பு மாதிரி ஒரே படலமாகப் பரவினால் சுத்தம். தாமரை இலைத் தண்ணீராக உருண்டு நின்றால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது, திரும்பவும் கழுவ வேண்டும். இதற்குக் காசு இல்லை, கருவி இல்லை. ஆனாலும் யாரும் செய்வதில்லை.

உப்புத்தாள் 80 நம்பரில் தொடங்கி 180 வரை போனால் போதும். தகட்டைக் கண்ணாடியாக்க வேண்டாம்; பெயின்ட்டுக்கு முன் அடிக்கிற பிரைமர் பிடிக்க மெல்லிய கீறல் வேண்டும். இரும்பைத் தேய்த்த கம்பி பிரஷ்ஷை அலுமினியத்தில் வைக்காதீர்கள், இரும்புத்தூள் ஒட்டிக்கொண்டு பின்னால் துருப்புள்ளியாகத் தெரியும். பழைய வண்டிகளின் பெயின்ட்டிலும் மஞ்சள் பிரைமரிலும் ஈயம், குரோமேட் போன்ற நஞ்சு இருக்க வாய்ப்பு அதிகம். உலர்வாகத் தேய்த்துத் தூள் பறக்கவிடாமல், முகக்கவசம் போட்டு, ஈரமாகத் தேய்ப்பதே நல்லது.

எந்தத் தகடு, எந்த பிரைமர்

ஒரு காந்தத்தை எடுத்துக்கொண்டு மேலே ஏறுங்கள். ஒட்டாவிட்டால் அலுமினியம். ஒட்டினால் இரும்பு, சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரிந்தால் துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு.

இரும்பில் உதிர்கிற துருவையெல்லாம் எடுத்துவிட்டு, விடாப்பிடியாக நிற்கிற மெல்லிய துருவுக்கு மட்டும் 'துரு மாற்றி' என்கிற திரவத்தைத் தடவலாம். துரு கறுப்பாக மாறும். பழங்காலத்தில் கடுக்காய்ச் சாற்றையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்பு மை செய்தார்களே, டானின் உள்ள துரு மாற்றியில் நடப்பது அதே வேதியியல்தான். அதன் மேல் ரெட் ஆக்சைடோ ஈபாக்சி பிரைமரோ அடிக்கலாம்.

அலுமினியத்துக்கு ரெட் ஆக்சைடு சரிப்படாது. தேய்த்த கொஞ்ச நேரத்திலேயே அலுமினியம் காற்றோடு சேர்ந்து திரும்ப ஒரு ஆக்சைடு தோலைப் போட்டுக்கொள்ளும். அதைக் கடித்துப் பிடிக்கிற எட்ச் பிரைமரோ, இரண்டு டப்பாவைக் கலக்கிற ஈபாக்சி பிரைமரோ வேண்டும். தேய்த்த அன்றைக்கே அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ராத்திரி வீசுகிற கடல்காற்று உங்களுக்காக ஒரு உப்புக் கோட் அடித்துவைக்கும். அதனால் கூரை முழுவதையும் ஒரே நாளில் தேய்க்காமல், அன்றைக்கு பிரைமர் அடிக்க முடிந்த அளவுக்கு மட்டும் தேய்ப்பதே புத்திசாலித்தனம்.

ஜிஐ தகட்டில் எனாமலை நேரடியாக அடித்துவிடாதீர்கள். எனாமலில் இருக்கும் எண்ணெயோடு துத்தநாகம் வினைபுரிந்து அடியில் ஒருவிதச் சோப்புப் படலம் உண்டாகும். ஒன்றிரண்டு வருஷத்தில் பெயின்ட் பாளம் பாளமாகக் கழன்றுவிடும். இதற்கும் தனி பிரைமர் இருக்கிறது. கடையில் ஜிஐ தகட்டுக்கு என்று சொல்லிக் கேளுங்கள்.

அடைப்பது

ஆடுகிற ரிவிட்டை முதலில் மாற்ற வேண்டும். விரல் வைத்து அழுத்தினால் அசையும், சுற்றிலும் கறுப்பு மை தீற்றின மாதிரி ஒரு கறை இருக்கும். டிரில்லால் எடுத்துவிட்டு அடுத்த சைஸ் அடிக்க வேண்டும். முன்பு 4 மில்லிமீட்டர் இருந்தால் இப்போது 4.8. அலுமினியத்துக்கு அலுமினிய ரிவிட். சாதாரண பாப் ரிவிட்டின் நடுவில் ஆணி போகிற துளை இருக்கும். ரிவிட் அடித்த பிறகும் அந்தத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கும். அடிப்பக்கம் மூடிய ரிவிட் கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். அடிக்கும் முன் சீலன்ட்டில் ஒரு முக்கு.

எங்களைக் கேட்டவர்களில் பாதிப்பேர், குளச்சலில் வள்ளத்துக்கு ஃபைபர் போடுகிறவர்களைக் கூப்பிட்டு கூரை முழுக்க ஃபைபர் போட்டுவிடு என்றார்கள். யோசனை கவர்ச்சிதான். ஆனால் வள்ளம் முழுவதும் ஃபைபர். அதில் ஃபைபரோடு ஃபைபர் ஒட்டுகிறது. அதற்குப் பயன்படுத்தும் பாலியெஸ்டர் ரெசின் தகட்டில் சரியாகப் பிடிக்காது. தகடு நீள, மேலே இருப்பது நீளாமல் நிற்க, விளிம்பில் எழும்பி, அடியில் தண்ணீர் தங்கும். வெளியே தெரியாமல் தகடு அழுகும். நான் வேண்டாம் என்றேன். அத்தானுக்கு இன்னும் அதில் வருத்தம்தான்.

இணைப்புகளுக்கு பாலியூரித்தேன் சீலன்ட், கடையில் 'பியூ சீலன்ட்' என்று கேட்டால் தருவார்கள். காய்ந்த பிறகும் ரப்பராக இருக்கும், மேலே பெயின்ட் பிடிக்கும். பிரைமர் காய்ந்த பிறகு அதன் மேல் போட வேண்டும். இங்கே எல்லாரும் செய்கிற தப்பு, மருந்து தடவுகிற மாதிரி மெல்லிசாக இழுத்துவிடுவது. மெல்லிய படலத்துக்கு நீளுவதற்கு உடம்பே இல்லை, ஓரத்தில் உரிந்துவிடும். இணைப்பின் மேல் 3 மில்லிமீட்டர் கனமாவது இருக்கும்படி, இரண்டு பக்கத் தகட்டிலும் நன்றாகப் பிடிக்கும்படி ஒரு கயிறு மாதிரி விட்டு, விரலால் ஒரே ஒரு தடவை அழுத்தி இழுக்க வேண்டும். விரல் ஒட்டாமல் இருக்க சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொள்ளலாம். அது விரலில் மட்டும் இருக்கட்டும், தகட்டில் சிந்தக் கூடாது. ஸ்பிரிட் தொட்டு இழுக்காதீர்கள். சீலன்ட் சரியாக இறுகாமல் போய்விடும்.

இந்த சீலன்ட் காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு இறுகுகிறது. பொதுவாக ஒரு நாளைக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர். நம் ஊர் ஈரக்காற்று பெயின்ட்டுக்குத்தான் எதிரி, சீலன்ட்டுக்குச் சினேகிதன். மேலே தோல் கட்டிவிட்டது என்று ஏமாறாமல் இரண்டு நாள் விடுங்கள்.

நாள் பார்ப்பது

வைகாசியில் இடவப்பாதி, ஐப்பசியில் துலா மழை என்று நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். நடுவில் கிடைக்கிற மாசியும் பங்குனியும்தான் கூரை வேலைக்கு ஏற்றது. அப்போதும் விடிகாலையில் கூரை பனியில் நனைந்திருக்கும். தகட்டின் சூடு பனி படிகிற நிலையைவிட 3 டிகிரியாவது மேலே இருக்க வேண்டும் என்பது பெயின்ட்காரர்களின் பொது விதி. தெர்மாமீட்டர் இல்லாதவர்களுக்கு, உள்ளங்கையை வைத்துப் பாருங்கள்: ஈரம் ஒட்டாமல் லேசாகச் சூடு தட்டினால் தொடங்கலாம், கையை வைக்க முடியாமல் சுட்டால் நிறுத்த வேண்டும். எங்களுக்குக் காலை எட்டரை முதல் பதினொன்று வரைதான் கிடைத்தது. ஆரல்வாய்மொழிப் பக்கம் இருப்பவர்களுக்குக் காற்றும் ஒரு கணக்கு; காற்றாலை வேகமாகச் சுற்றுகிற நாளில் ஈர பிரைமர் மேல் மண் ஒட்டினால் திரும்பவும் உப்புத்தாள்தான்.

பஸ்ஸை ரோட்டில் ஓட்டும் எண்ணம் இருந்தால், கூரையில் புது ஜன்னல் வெட்டுவது, பாடியை மாற்றுவது போன்றவற்றைத் தொடும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு அதைப் பற்றியது.

பிரைமரும் சீலன்ட்டும் முடிந்து இரண்டு நாள் கழித்து திரும்பவும் ஓஸ் பைப்பைப் பிடித்தோம். டிங்கர் அண்ணன் உள்ளே டார்ச்சோடு நின்றார். பதிமூன்று வட்டம் காய்ந்திருந்தது. முன்பக்கம் இருந்த பன்னிரண்டாம் நம்பர் மட்டும் நனைந்தது. கூரையில் அந்த இடத்தை இரண்டு தடவை பார்த்தும் ஒன்றும் இல்லை. கடைசியில் அவர், டிரைவர் தலைக்கு மேலே ஊர் பெயர் பலகை வைக்கிற பெட்டியைத் திறந்தார். அதன் கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தது. உள்ளே பள்ளிக்கூடப் பலகை ஊறிப் போய், ஒரு ஓரத்தில் காளான் முளைத்திருந்தது. ரப்பரை மாற்றி, மறுநாள் திரும்பவும் தண்ணீர் விட்டுப் பார்த்துவிட்டு, அதற்கும் மறுநாள் காலை எட்டரைக்கு வெள்ளை டப்பாவைத் திறந்தோம்.